தோள் மாற்றும் விதி

ஜூன் 9

அக்காவுக்கு,

நீ வேலைக்குப் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசலாம்தான். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே போன் அம்மாவோடு பேக்கரிக்குப் போய்விடுகிறது. அம்மா வீட்டில் இருக்கும்போது உன்னிடம் பேசினால், பாத்திரம் கழுவும் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. அதனால் கடிதம். எனக்கும் எழுதினால்தான் யோசனை ஒழுங்காக வரும்.

ஒரு பெரிய செய்தி. நம் விளையாட்டில் காணாமல் போன பக்கம் கிடைத்துவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ விளையாட்டு விதிகள் உள்ள அந்தப் பெரிய புத்தகத்தை யாரிடமோ இரவல் வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வந்தாய். கடைக்காரர் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். ஒரு பக்கம் ‘காயம்பட்டவர் குணமாக வேண்டுமானால்’ என்று பாதியில் நிற்கும். அடுத்த பக்கத்தில் குதிரைகளின் விலை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்திக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் உன்னையே பார்த்தோம். கதையை நடத்துபவள் நீதானே. நீ அந்த இடத்திலேயே ஒரு விதி சொன்னாய். காயம் ஆறாது. அடி, பசி, குளிர் எல்லாமே சோர்வுப் புள்ளி. பத்துப் புள்ளி சேர்ந்தால், உப்பு மூட்டையோடு கடக்கும் மலைக் கணவாயில் ஆள் விழுந்துவிடுவார். புள்ளி குறைய ஒரே வழிதான். கூட வரும் ஒருவர் ‘எத்தனை?’ என்று கேட்க வேண்டும். சோர்ந்தவர் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்டவர் ‘இத்தனை எனக்கு’ என்று தன் தாளில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சோர்ந்தவர் தானாக வாய் திறந்து கேட்கக் கூடாது. அதற்குத் தோள் மாற்றும் விதி என்று பெயரும் வைத்தாய்.

போன வாரம் நூலகத்தில், யாரோ வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்துவிட்டுப் போன புத்தகங்களுக்கு நடுவே பெரிய புத்தகம் முழுசாக இருந்தது. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘ஒரு இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் எல்லாக் காயமும் ஆறிவிடும்.’ அவ்வளவுதான்.

இதை வக்கீலிடம் காட்டியது என் தப்பு. வக்கீல் என் வகுப்புத் தோழி. எதற்கும் வாதாடுவாள் என்பதால் அந்தப் பெயர். “புக்குல தெளிவா போட்டிருக்கான். இத்தனை நாளா உங்க அக்கா அடிச்சுவிட்டதை நம்பி நான் இடுப்பொடிய மூட்டை தூக்கியிருக்கேன்” என்கிறாள். இரட்டையர்களும் அவள் பக்கம். இப்போது விளையாடுவது நாங்கள் நாலு பேர்தான். அப்பாவைத் தனியாக விட முடியாது என்பதால் அவர் அறையிலேயே விளையாடுகிறோம். அவருடைய வலது கை இன்னும் அசையவில்லை. பேச்சும் ஒன்றிரண்டு சொல்தான் வருகிறது. இடது கையால் எங்களுக்குப் பகடை உருட்டிக் கொடுக்கிறார்.

எந்த விதியை வைத்துக்கொள்வது? விளையாட்டு உன்னுடையது, நீதான் சொல்ல வேண்டும்.

காலையில் முதல் இரண்டு வகுப்பு போய்விடுகிறது. மற்றபடி எல்லாம் நலம். நீ எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை.

உன் புழு


ஜூன் 18

புழுவுக்கு,

விடுதி அறையில் நாலு கட்டிலும் ஒரு மேசையும். மேசை என் முறைக்கு வர இத்தனை நாள் ஆயிற்று.

என் வேலையைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். லிஃப்ட் கம்பெனியின் புகார் அறை. ஜன்னல் கிடையாது. எங்காவது ஒரு லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்துவார், எனக்கு மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும் வரை அவரைப் பேச்சில் வைத்திருக்க வேண்டும். “பதறாதீங்க சார், ஆள் கிளம்பியாச்சு. உள்ள யார் யார் இருக்கீங்க?” ஒரு வகையில் கதை நடத்துவது மாதிரிதான். ஆனால் இவர்கள் யாரும் விளையாட வந்தவர்கள் இல்லை. ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால் என் குரலை என்னாலேயே கேட்க முடிவதில்லை.

ஒரு இரவு தூங்கினால் எல்லாம் ஆறிவிடுமாம். எழுதியவர் ஷிப்ட் வேலை பார்த்ததில்லை போலிருக்கிறது.

விதியை மாற்றாதே. வக்கீல் சொல்வது போல நான் அடித்துவிட்டதுதான். அன்றைக்கு மாடிக்குக் குடிவந்தவர்களின் பீரோவை இரண்டு பேர் நம் படிக்கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிப் படியில் முன்னால் போனவர், “என்னப்பா, தோள் மாத்திக்கலாமா?” என்று கேட்டார். பின்னால் இருந்தவரிடமிருந்து மூச்சுதான் வந்தது. நீங்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அதுதான் வாயில் வந்தது. பெரிய யோசனை ஒன்றும் இல்லை.

வக்கீலிடம் இதையும் சொல். பெரிய புத்தகத்தின்படியே ஆட வேண்டுமென்றால் இருபது முகம் உள்ள பகடை வேண்டும். நம்மிடம் இருந்ததெல்லாம் லூடோ டப்பாவில் கிடந்த இரண்டு சாதாரணப் பகடை. இருபது முகப் பகடையில் ஒன்றும் ஏழும் இருபதும் ஒரே மாதிரி விழும். இரண்டு பகடையைக் கூட்டினால் நடுவில் இருக்கும் எண்தான் அடிக்கடி வரும். அதனால்தான் நம் ஆட்கள் யாரும் வீராதி வீரர்கள் ஆகவில்லை. சுமாரான ஆட்களாகவே உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கணவாயைக் கடக்கிறார்கள். பகடை மாறியதும் விளையாட்டே வேறாகிவிட்டது. இப்போது ஒரு பக்கத்தை மட்டும் கொண்டுவந்து ஒட்டினால் நிற்காது.

முதல் இரண்டு வகுப்பு ஏன் போகிறது? காலையில் ஒரு அம்மா வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகத்தானே ஏற்பாடு?

அக்கா


ஜூன் 26

அக்காவுக்கு,

உன் பகடைக் கணக்கை வக்கீலிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் உருட்டிக் குறித்துப் பார்த்துவிட்டு, “ஆமாடி” என்றாள். அவள் ஆமாம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நூலகத்தில் இதே வகைப் புத்தகங்கள் இன்னும் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றின் முன்னுரையும் அதற்கு முந்தைய விளையாட்டைக் கொஞ்சம் திட்டுகிறது. முதலில் இருந்தது போர் விளையாட்டாம். ஒரு பொம்மை என்றால் ஒரு படை. யாரோ ஒருவர் ஒரு பொம்மையை ஒரே ஒரு ஆளாக வைத்துப் பார்த்தார். ஒரே ஆள் என்றதும் அவனுக்குப் பெயர் வேண்டியிருந்தது, பயம் வேண்டியிருந்தது. அடுத்த புத்தகம் ‘இத்தனை அட்டவணை எதற்கு?’ என்று பாதியைத் தூக்கிப் போட்டது. மூன்றாவது, ‘கதையை ஒருவரே ஏன் நடத்த வேண்டும்?’ என்று கேட்கிறது. சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போன பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே மூக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. ஒரு ஆள் எத்தனை அடி தாங்குவான் என்ற கணக்கு கப்பல் போர் விளையாட்டிலிருந்து வந்ததாம். ஒரு கப்பல் எத்தனை குண்டு தாங்கும் என்பதை அப்படியே மனிதனுக்கும் வைத்துவிட்டார்கள். அதனால்தான் அந்தப் புத்தகங்களில் மனிதர்கள் கப்பல் மாதிரி இருக்கிறார்கள். மூழ்கும் நிமிஷம் வரை நன்றாகவே மிதக்கிறார்கள். நம் விளையாட்டில் அப்படி இல்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

காலையில் வரும் அம்மா நின்றுவிட்டார். அவர் மகளுக்குப் பிரசவம். எதிர்வீட்டு அத்தை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த பிறகுதான் அப்பாவோடு உட்கார முடியும். அதுவரை நான். பெரிய விஷயமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. கதை நடத்தும்போது நீ உனக்கென்று வைத்திருந்த கயிற்றுக்காரியை நான் முகாமில் உட்கார வைத்திருக்கிறேன். ஆடாதவருக்குச் சோர்வு ஏறாது என்பது விதி. அவள் தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. வக்கீல் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நாமெல்லாம் மூட்டையோட சாகுறோம், உங்க அக்கா ஆளு மட்டும் நெருப்புகிட்ட சும்மா குந்தியிருக்கா” என்றாள். நான் உனக்காகச் சண்டை போட்டேன்.

உன் புழு


ஜூலை 2

நெருப்புகிட்ட சும்மா குந்தியிருக்கா. இதைச் சொன்னது வக்கீலா, அம்மாவா?

வேலைக்கான உத்தரவு வந்தபோது அப்பா பக்கவாதத்தில் படுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த உத்தரவுக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று அம்மாவுக்குத் தெரியும். “போறவ போ, எங்களைப் பத்திக் கவலைப்படாத” என்றாள். வாசலில் நின்று சொன்னாள், நீயும் பக்கத்தில் இருந்தாய், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். இப்போது விளையாட்டு மேசையில் வைத்து என்னிடம் கணக்குக் கேட்கிறீர்கள்.

நேற்று ஒரு கிழவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு, அவர் மனைவியை நான் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு நம்பர் ஞாபகம் வரவில்லை. ‘கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன் ஐயா’ என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன். இங்கே எந்த நெருப்பும் இல்லை, யாரும் சும்மா குந்தியிருக்கவும் இல்லை.

பெரிய புத்தக விதியையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்திருங்கள். என் ஆளை அழித்துவிடு.


ஜூலை 11

அக்காவுக்கு,

வக்கீல்தான் சொன்னாள். அம்மா உன்னைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது உண்மை. நிமிர்ந்தால் ‘போகாதே’ என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

நீ சொன்னபடி பெரிய புத்தக விதிக்கு மாறினோம். முதல் நாள் எல்லோருக்கும் குஷி. யாரைப் பார்த்தாலும் சண்டை, அப்புறம் தூக்கம், மறுநாள் புதுசாக எழுந்து அடுத்த சண்டை. மூன்றாவது நாள் யாரும் யாரிடமும் பேசவில்லை. ஒருவர் தாளை இன்னொருவர் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரட்டையர்களில் சின்னவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பகடையைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார். கடைசியில் வக்கீலே, “போர் அடிக்குதுடி, பழையபடி முதுகு ஒடியட்டும்” என்றாள்.

எனவே பழைய விதிக்கே திரும்பிவிட்டோம். ஆனால் அவள் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். நீ வைத்திருந்தது போல, இப்போது கதை நடத்தும் எனக்கும் ஒரு பாத்திரம் இருக்க வேண்டுமாம், ஆள் குறைவாக இருக்கிறதே. நான் விளக்குக்காரி என்று ஒருத்தியை எழுதிக்கொண்டேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பாள்.

கயிற்றுக்காரியை அழிக்கவில்லை. எல்லோருடைய தாள்களையும் நகல் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பார்க்கத் தோன்றினால் பார்.

வருகைப் பதிவு குறைந்தால் இறுதித் தேர்வு எழுத விடமாட்டோம் என்று டீச்சர் அம்மாவுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். அது என் பையில் இருக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

புழு


ஆகஸ்ட் 3

புழுவுக்கு,

உன் கடிதத்தை வந்த அன்றே படித்தேன். தாள்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. கோபம் என்று வைத்துக்கொள், அதைவிட அலுப்பு. இன்றைக்குத்தான் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் கீழ்த்தளத்தில் உதிரி பாகங்கள் அடுக்கும் அறை ஒன்று இருக்கிறது. மெக்கானிக்குகள் ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே ஏதோ விளையாடுவார்கள், சத்தம் கேட்கும். ஒரு நாள் தேநீர் எடுக்கப் போனவள் வாசலில் நின்றுவிட்டேன். “எனக்கு முடியலப்பா, தோள் மாத்துறேன்” என்று ஒரு குரல். உள்ளே கிரீஸ் கையோடு ஒருவர் இன்னொருவர் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அவரை எல்லோரும் கிரீஸ் அண்ணன் என்பார்கள். “இது எங்கேருந்து வந்துச்சுண்ணே?” என்று கேட்டேன்.

“பாலிடெக்னிக்ல கத்துக்கிட்டது. ஒரு நெட்டையன் ஆட வைப்பான். வெளிநாட்டு புஸ்தகத்துல இருக்குற விதியாம், ரொம்பப் பழசு.”

நம் நெட்டைதான். நம் மேசையில் நாலு வருஷம் உட்கார்ந்து, எல்லோர் தட்டிலும் கை வைத்தவன். ஜெராக்ஸ் கடைக்காரர் தாளைப் புரட்டிய தவறு, வெளிநாட்டுப் புத்தகத்தின் பழைய விதி ஆகிவிட்டது. உன் முன்னுரைகளில் இதையும் யாராவது எழுதலாம்.

என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் விளையாட்டில் கணவாய் இல்லை. முடிவே இல்லாத ஒரு கோபுரம், மாடி மாடியாகப் பழுது பார்த்துக்கொண்டே ஏறுகிறார்கள். மேசை சரிவு, பகடை உருண்டு கேபிள் சுருளுக்குள் போய்விடுகிறது என்று சீட்டுக்கட்டுக்கு மாறியிருக்கிறார்கள். தோள் மாற்றும் விதியும் மாறியிருக்கிறது. யாரும் ‘எத்தனை?’ என்று கேட்பதில்லை. சோர்ந்தவரே அடுத்தவர் தாளில் தள்ளிவிடலாம். நேற்று ஷிப்ட் மாறியதால் நான் போகவில்லை. இன்றைக்கு என் தாளைப் பார்த்தால் ஒரே கோடுகள். எல்லோரும் தங்கள் புள்ளியை என் தலையில் இறக்கிவிட்டார்கள். “வராதவங்க தலையில கட்டுறதுதானே வழக்கம், கோவிச்சுக்காதம்மா” என்றார் கிரீஸ் அண்ணன். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.

அறைக்கு வந்து உன் தாள்களைப் பிரித்தேன். வராதவளுடைய தாள் சுத்தமாக இருந்தது. நீ அதை ஒரு புள்ளிகூட விழாமல் வைத்திருக்கிறாய்.

அப்புறம் விளக்குக்காரியின் தாள். வக்கீலிடமிருந்து மூன்று, சின்ன இரட்டையிடமிருந்து இரண்டு என்று எல்லாம் உன் கையெழுத்தில். ஒவ்வொரு ஆட்டத்திலும் நீயே ‘எத்தனை?’ கேட்டு நீயே வாங்கியிருக்கிறாய். உன்னிடம் யாரும் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. கதை நடத்துபவளை யார் கேட்பார்கள்? அதனால்தான் நான் நடத்தியபோது எனக்கென்று தனி ஆள் வைத்தேன், என்னையும் மற்றவர்கள் கேட்கட்டும் என்று. ஒருவரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

உன் கடிதங்களையும் திரும்பப் படித்தேன். பெரிய விஷயமில்லை. மற்றபடி எல்லாம் நலம். நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் அந்தக் கப்பல் மாதிரிதான் எழுதுகிறாய், புழு.

விதிப்படி கேட்கிறேன். விளக்குக்காரியை இல்லை, உன்னை.

எத்தனை?

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

முதலில் ஐந்து என்று எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

ஒன்பது.

அப்பாவை உட்கார வைக்கும்போது முதுகு பிடித்துக்கொள்கிறது. வகுப்பில் தூங்கிவிடுகிறேன், வக்கீல் முழங்கையால் இடித்து எழுப்புகிறாள். போன வாரம் அப்பா ஸ்பூனை மறுபடி மறுபடி கீழே போட்டார். நான் அதை எடுத்து மேசையில் அறைந்து வைத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் சாப்பிடவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சரின் சீட்டு இன்னும் பையில்தான் இருக்கிறது. இந்த மாதமும் இப்படியே போனால் தேர்வு எழுத முடியாது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. நான் அம்மாவையும் கேட்டதில்லை. நேற்று மாலை அம்மா பேக்கரியிலிருந்து வந்து, உடை மாற்றாமல் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் மாவு.

“அம்மா, எத்தனை?”

“என்னது எத்தனை?”

விதியைச் சொன்னேன். பத்து வந்தால் ஆள் விழுந்துவிடும் என்றும் சொன்னேன். அம்மா புருவத்து மாவைப் புறங்கையால் துடைத்தாள்.

“பத்தோட நின்னுடுமா?” என்றாள்.

அப்புறம் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, “உங்க அக்கா இதையெல்லாம் எங்கேருந்து பிடிச்சா?” என்று கேட்டாள். நீ போன பிறகு அம்மா உன்னைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. பீரோ தூக்கியவர்கள் கதையைச் சொன்னேன்.

“அன்னிக்குப் படிக்கட்டுச் சுவத்துல கீறிட்டுப் போனானுங்க. இன்னும் அப்படியேதான் இருக்கு” என்றாள்.

விதிப்படி நானாக எதையும் கேட்கக் கூடாது. அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் புழு


ஆகஸ்ட் 14

புழுவுக்கு,

ஐந்து எனக்கு. எழுதிக்கொண்டேன். உன் தாளிலும் அடித்துவிடு.

மூன்று வாரம் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கிளைக்கு மாற்றம் கேட்டும் எழுதியிருக்கிறேன். கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தாலும் அங்கேயும் ஜன்னல் இல்லாத அறைதான் இருக்கும். மூன்று வாரத்துக்குள் காலையில் வர ஒரு ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதே. நம் விதியில் சோர்வு எங்கும் போவதில்லை, தூக்குகிற ஆள்தான் மாறுகிறார். அதைச் சொன்னவளே நான்தான்.

கிரீஸ் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அந்த விதி எங்கள் வீட்டில் பிறந்தது என்று. அவர் நம்பவில்லை. “புஸ்தகத்துல இருக்கும்மா” என்றார். ‘எத்தனை?’ என்று கேட்டு வாங்கினால்தான் செல்லும் என்று ஆடிக் காட்டினேன். இரண்டு பேருக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் ஆட்டம் மெதுவாகப் போகிறது என்கிறார்கள். எது நிலைக்குமோ.

டீச்சரின் சீட்டைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வை. அம்மாவிடம் நான் வருவதைச் சொல்லாதே. பாத்திரம் எவ்வளவு சத்தமாகக் கழுவினாலும் பக்கத்தில் நின்று நானே கேட்கிறேன். பத்தோடு நிற்காது என்று சொன்னால், பதினொன்றிலிருந்து எனக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

கயிற்றுக்காரியை எழுப்பி வை. அவள் நெருப்புகிட்டக் குந்தியிருந்தது போதும்.

திங்கட்கிழமை காலை வந்து சேருவேன். முதல் வகுப்பு தொடங்கும் நேரம்தான். நீ வகுப்பில் இருக்க வேண்டும். எதிர்வீட்டு அத்தையிடம் அந்த ஒரு நாள் மட்டும் முன்னாலேயே வரச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போ. வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாயானால், வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறிவிடுவேன்.

அக்கா